442 வருஷம் காத்திருந்தாதான் முழு நஷ்டஈடு! - கோர்ட் மறந்தவர்களுக்காக 83 வயதில் எழுதிய மார்ஜரி ஃப்ரை

ஒரு சின்ன கணக்கு. மொபைலில் கால்குலேட்டரைத் திறந்து வெச்சுக்கோங்க.

1951-ல் இங்கிலாந்தில் ஒருவரை ரெண்டு பேர் தாக்குகிறார்கள். அந்தத் தாக்குதலில் அவருக்குப் பார்வை போய்விடுகிறது. அவருக்கு 11,500 பவுண்டு நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பாகிறது. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. ஆனா, ஜெயிலிலிருந்து வெளியே வந்த அந்த ரெண்டு பேரிடமும் அவ்வளவு பணம் எங்கே இருக்கும்? ஆளுக்கு வாரம் 5 ஷில்லிங் கட்டச் சொல்லி உத்தரவு வருகிறது. அப்போ 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. அதாவது ரெண்டு பேரும் சேர்ந்து வாரத்துக்கு அரை பவுண்டு, வருஷத்துக்கு 26 பவுண்டு. இப்போ 11,500-ஐ 26-ஆல் வகுத்துப் பாருங்க.

442 வருஷம்!

கடைசித் தவணை கைக்கு வர, கண்ணை இழந்த அந்த மனிதர் இன்னும் 442 வருஷம் உயிரோடு இருக்கணும். சட்டப்படி எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கு. குற்றவாளிகளைப் பிடிச்சாச்சு, தண்டிச்சாச்சு, நஷ்டஈடும் விதிச்சாச்சு. அவர் கையில் என்ன இருக்குன்னு பார்த்தா, வாரம் 10 ஷில்லிங்.

இந்தக் கணக்கைப் போட்டு 1957-ல் பத்திரிகையில் எழுதியவர் ஒரு 83 வயதுப் பாட்டி. பெயர் மார்ஜரி ஃப்ரை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கமே நஷ்டஈடு தரணும் என்ற யோசனையை நவீன காலத்தில் நடைமுறைக்குத் தள்ளியவர் யார்னு தேடினால், பெரும்பாலும் இவர் பெயரில்தான் போய் நிற்கும். இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. அதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட 40 வருஷம் அவர் யாருக்காகப் பேசினார் தெரியுமா? ஜெயிலில் இருந்த குற்றவாளிகளுக்காக!

சாக்லேட் குடும்பத்துப் பெண்

1874 மார்ச் மாதம் லண்டனில் பிறந்தார் மார்ஜரி. ஃப்ரை குடும்பம் என்றால் அப்போது இங்கிலாந்தில் எல்லோருக்கும் சாக்லேட்தான் ஞாபகம் வரும். அதுவரை கரைத்துக் குடிக்கும் பானமாகவே இருந்த சாக்லேட்டை, கடித்துச் சாப்பிடும் கட்டியாக 1847-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது பிரிஸ்டல் நகரத்தில் இருந்த இவர்கள் கம்பெனிதான். மார்ஜரியின் அப்பா சர் எட்வர்ட் ஃப்ரை மட்டும் வியாபாரத்துக்குப் போகாமல் சட்டம் படித்து, அப்பீல் கோர்ட் நீதிபதி வரை உயர்ந்தார்.

குடும்பம் குவேக்கர் மதப்பிரிவைச் சேர்ந்தது. சத்தம் இல்லாத வழிபாடு, எளிமையான உடை, போருக்கு எதிர்ப்பு, எந்த மனிதருக்குள்ளும் தெய்வ ஒளி உண்டு என்ற நம்பிக்கை. தங்கள் மத நம்பிக்கைக்காகவே 17-ம் நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாக ஜெயிலுக்குப் போனவர்கள் குவேக்கர்கள். அதனாலோ என்னவோ, ஜெயில் கொடுமை பற்றிய அக்கறை அந்தச் சமூகத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 19-ம் நூற்றாண்டில் நியூகேட் சிறையில் பெண் கைதிகளுக்காக வேலை செய்த எலிசபெத் ஃப்ரையும் குவேக்கர்தான். இங்கிலாந்தின் 5 பவுண்டு நோட்டில் 2017 வரை அவர் படம் இருந்தது.

நீதிபதி வீடு, வசதியான வீடு. ஆனா, பெண் பிள்ளைகள் விஷயத்தில் அதுவும் அந்தக் காலத்து வீடுதான். அண்ணன் ரோஜர் ஃப்ரை கேம்பிரிட்ஜ் போனார், ஓவியரானார். பின்னாளில் வான்கோ, செசான் ஓவியங்களை லண்டனுக்கு இழுத்து வந்து ஊரையே திட்ட வைத்த கலை விமர்சகர் இவர்தான். மார்ஜரிக்கோ 17 வயது வரை வீட்டிலேயே பாடம். அதுக்கப்புறம்தான் பள்ளிக்கூடம். 1894-ல் ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்தார்.

சோமர்வில்னு சொன்னதும் நம்ம ஊர்ல சிலருக்குப் பொறி தட்டும். அதுக்குச் சில வருஷம் முன்னாடி அதே கல்லூரியிலிருந்து போய்ச் சட்டம் படித்தவர், இந்தியாவின் ஆரம்பகாலப் பெண் வழக்கறிஞர் கார்னீலியா சொராப்ஜி. 1930-களின் கடைசியில் இந்திரா காந்தி கொஞ்ச காலம் படித்ததும் அங்கேதான். மார்ஜரி படித்த நாட்களில் ஆக்ஸ்ஃபோர்டில் பெண்கள் பாடம் கேட்கலாம், ஆனா பட்டம் கிடையாது. 1920-ல்தான் அந்தக் கதவு திறந்தது.

படிப்பு முடிந்ததும் கல்யாணமாகாத மகள்களுக்கு விதிக்கப்பட்டது என்னவோ அதுதான் நடந்தது. வீடு, அப்பா, அம்மா, விருந்தாளிகள். 1899-ல் சோமர்விலிலேயே நூலகர் வேலை கிடைத்தபோது வெளியே வந்தார். 1904-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மாணவிகள் விடுதியின் பொறுப்பாளர். 10 வருஷம் அங்கே. அதற்குள் 1913-ல் பெரியப்பா ஜோசப் ஸ்டார்ஸ் ஃப்ரை இறந்துபோக, அவர் சொத்திலிருந்து வந்த பங்கு மார்ஜரியைச் சொந்தக் காலில் நிற்க வைத்தது. சாக்லேட் விற்ற காசுதான். அதுக்கப்புறம் சம்பளத்துக்காக எந்த வேலையிலும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. பின்னாளில் அவர் செய்த வேலைகளில் பாதிக்கு யாரும் சம்பளம் தந்திருக்கவும் மாட்டார்கள்.

வீடிழந்தவர்களுடன் இருந்த வருஷங்கள்

முதல் உலகப்போர். குவேக்கர்கள் துப்பாக்கி எடுக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ ஒரு நிவாரணக் குழுவை பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். 1915-ல் மார்ஜரி அதில் போய்ச் சேர்ந்தார். மார்ன் பகுதி. 1914-ல் படைகள் முன்னேறியும் பின்வாங்கியும் மிதித்துத் துவைத்த கிராமங்கள். எரிந்த வீடுகள், விதை நெல்கூட மிஞ்சாத விவசாயிகள், அகதிகள். அவர்களுக்கு மரத்தில் வீடு கட்டிக் கொடுப்பது, விதையும் கருவிகளும் கொடுப்பது, மருத்துவம் பார்ப்பது எனக் குழுவுக்கு வேலை குவிந்து கிடந்தது.

இந்தப் பகுதியை அவரைப் பற்றிய குறிப்புகள் வழக்கமா ரெண்டு வரியில் தாண்டிப் போயிடும். எனக்கு என்னவோ பின்னாடி வரும் கதைக்கு வேர் இங்கேதான் இருக்குன்னு தோணுது. எரிந்த வீட்டுக்காரரிடம் போய், வீட்டை எரித்த சிப்பாய் யார், அவனைப் பிடிச்சாச்சா, அவன்கிட்ட காசு இருக்கான்னு அந்தக் குழுவில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குளிர்காலம் வருது, கூரை வேணும். அவ்வளவுதான் கணக்கு.

ஜெயிலுக்கு எதிரே ஒரு வீடு

போர் முடிந்து லண்டன் திரும்பிய மார்ஜரி, அண்ணன் ரோஜருடன் டால்மெனி அவென்யூவில் குடியேறினார். ரோஜரின் மனைவி மனநோயால் மருத்துவமனையில் இருந்தார். அண்ணன் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அந்த வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் கட்டடம் ஹாலோவே. பெண்களுக்கான ஜெயில்.

அதே சமயம் சிறைச் சீர்திருத்தச் சங்கம் ஒன்றின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. ஏற்கெனவே இருந்த ஹோவர்டு சங்கத்தோடு 1921-ல் அது இணைந்து, ஹோவர்டு லீக் ஆனது. இன்னைக்கும் பிரிட்டனில் இயங்கும் அமைப்பு. 1926 வரை அதன் செயலாளர் மார்ஜரிதான். பெண்கள் மாஜிஸ்ட்ரேட் ஆகலாம் என 1919-ல் சட்டம் வந்தது. 1921-ல் அவரும் மாஜிஸ்ட்ரேட் ஆனார், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்கள் வரிசையில் ஒருவராக. அடுத்த வருஷம் ஹாலோவே ஜெயிலுக்கே கல்வி ஆலோசகர். எதிர் வீட்டிலிருந்து பார்த்த கட்டடத்துக்குள் இப்போது அவரே போய் வர ஆரம்பித்தார்.

1923 ஜனவரி 9. ஹாலோவேயில் எடித் தாம்ப்சன் என்ற பெண் தூக்கிலிடப்பட்டார். அவருடைய கணவரைக் குத்திக் கொன்றது எடித்தின் காதலன். எடித் தூண்டினார் என்பதற்கு ஆதாரமாக வைக்கப்பட்டவை அவர் எழுதிய காதல் கடிதங்கள். அவர் குற்றவாளிதானா என்று இன்னைக்கும் விவாதம் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு அது. அந்த மரணம் ஜெயில் அதிகாரிகளை என்ன செய்தது என்பதை மார்ஜரி பக்கத்தில் இருந்து பார்த்தார். லேசில் கலங்காத மனிதர்கள் ஆடிப்போயிருந்தார்கள். மரண தண்டனைக்கு எதிரான அவருடைய பிரசாரம் அதுக்கப்புறம் ஓயவே இல்லை.

கைதிகளுக்குப் படிப்பு, முதல் தடவை தப்பு செய்தவரை ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவது, சிறுவர்களுக்குத் தனி நீதிமன்றம், வக்கீல் வைக்க முடியாத ஏழைக்குச் சட்ட உதவி... இதுதான் அவர் பேசிய விஷயங்கள். நம்ம வாட்ஸ்அப் குரூப் பாஷையில் சொன்னா, குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குறவங்க லிஸ்ட்டில் முதல் பெயர் இவருடையதாகத்தான் இருந்திருக்கும். அப்போதும் இந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருந்தது. திருடனுக்கும் ரவுடிக்கும் இவ்வளவு பரிவா, அடி வாங்கினவன் கதி என்ன?

இதைச் சும்மா வாய்ச் சண்டைக்காகக் கேட்டவர்கள்தான் அதிகம். அடி வாங்கியவருக்கு அவர்களும் எதுவும் செய்யவில்லை. ஆனா, மார்ஜரி அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் மனசில் வெச்சுக்கிட்டார்.

நடுவில் 1926-லிருந்து சில வருஷம் சோமர்வில் கல்லூரியின் முதல்வர். அங்கே படித்த டோரத்தி என்ற மாணவிக்கு அவர் கடைசிவரை பெரிய துணை. 1964-ல் வேதியியல் நோபல் வாங்கிய டோரத்தி ஹாட்ஜ்கின்தான் அந்த மாணவி. தன் வருங்காலக் கணவரை டோரத்தி சந்தித்ததும் மார்ஜரியின் லண்டன் வீட்டில்தான்! 1933-ல் சீனப் பயணம், 1937-ல் பி.பி.சி நிர்வாகக் குழு, 40-களில் வானொலி விவாத நிகழ்ச்சி எனப் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்த குரலானார். எல்லாவற்றுக்கும் நடுவே ஜெயில் வேலையும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு பல்லுக்கு 6 ஷில்லிங்

1951-ல் சட்டமும் தண்டனையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார் மார்ஜரி. அப்போது வயது 77. அந்தப் புத்தகத்தில்தான் பாதிக்கப்பட்டவர் பக்கம் அவர் பார்வை தீவிரமாகத் திரும்புகிறது.

இங்கே கொஞ்சம் சரித்திரம் தேவை. ஒரு ஊரில் ஒருத்தர் இன்னொருத்தர் பல்லை உடைத்துவிட்டார் என்று வையுங்கள். இன்னைக்கு என்ன நடக்கும்? போலீஸ், வழக்கு, கோர்ட். வழக்கின் பெயரே அரசுக்கும் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் என்றுதான் இருக்கும். பல் போனவர் அதில் ஒரு சாட்சி மட்டுமே. அபராதம் விதித்தால் அது போய்ச் சேருவது அரசாங்கக் கஜானாவுக்கு. எப்பவும் இப்படித்தான் இருந்ததா?

இல்லை. சுமார் 1,400 வருஷம் முன்பு கென்ட் பகுதியை ஆண்ட எத்தல்பெர்ட் மன்னரின் சட்டத்தில் விலைப்பட்டியலே உண்டு. முன்பல் ஒன்றுக்கு 6 ஷில்லிங். கட்டைவிரல் போனால் 20 ஷில்லிங். அடித்தவர், அடிபட்டவருக்குக் கட்டணும். (அந்த ஷில்லிங்கின் மதிப்பு வேறு, மேலே நாம் கணக்குப் போட்ட ஷில்லிங் வேறு. குழப்பிக்க வேண்டாம்.) பழைய ஆங்கிலச் சட்டத்தில் அடிபட்டவருக்குப் போகும் தொகைக்கு ஒரு பெயர், ராஜாவுக்குப் போகும் அபராதத்துக்கு இன்னொரு பெயர். காலம் போகப் போக ராஜாவின் பங்கு வளர்ந்தது, அடிபட்டவரின் பங்கு தேய்ந்தது. குற்றம் என்பது மன்னரின் அமைதிக்கு எதிரான செயல் என்று ஆனபோது, பல் போனவர் கதையிலிருந்தே காணாமல் போனார்.

அந்தப் பழைய வழக்கத்தில் இருந்த ஒரு நியாயத்தை நாம் தொலைத்துவிட்டோம் என்பது மார்ஜரியின் வாதம். ஆங்கிலக் குற்றவியல் சட்டம் குற்றவாளியிடமிருந்து எதைப் பிடுங்கலாம் என்றே யோசிக்கிறது, பறிகொடுத்தவருக்கு எதைத் திருப்பித் தரலாம் என்று யோசிப்பதில்லை. குற்றவாளியே உழைத்து ஈடு கொடுத்தால் ரெண்டு பேருக்கும் நல்லது என்ற எண்ணம் அப்போது அவருக்கு இருந்தது. அடித்தவனுக்கும், தான் செய்தது ஒரு மனுஷனுக்கு எதிரா என்று உறைக்குமே.

கேட்க அழகா இருக்கு. நடைமுறையில் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் ஆரம்பத்தில் போட்ட 442 வருஷக் கணக்கு. வழிப்பறி செய்பவனும் குடித்துவிட்டுக் கத்தியெடுப்பவனும் பொதுவா பணக்காரர்கள் இல்லை. ஜெயிலுக்குப் போனால் இருக்கும் வருமானமும் போச்சு. பல வழக்கில் ஆளே சிக்குவதில்லை. அப்போ நஷ்டஈட்டை யாரிடம் கேட்பது?

வயசான பிறகு ஒரு விஷயத்தில் கருத்தை மாற்றிக்கொள்வது லேசுப்பட்டது இல்லை. மார்ஜரி மாற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த கட்டுரை

1957 ஜூலை 7. ஞாயிறுதோறும் வரும் அப்சர்வர் பத்திரிகையில் அவர் கட்டுரை வெளியானது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதி என்பதுதான் தலைப்பு. நீளமான கட்டுரை இல்லை.

அவர் வாதம் இதுதான். தற்காப்புக்காக ஆயுதம் ஏந்தி நடக்கக் கூடாது என்று அரசு குடிமக்களைத் தடுக்கிறது. அடித்தவனைத் திருப்பி அடிக்கவும் அனுமதி இல்லை. பாதுகாப்பு என் பொறுப்பு, நீ சும்மா இரு என்கிறது. நல்லது. அப்போ அந்தப் பாதுகாப்பு எங்கோ ஒரு இடத்தில் தவறிப்போய் ஒருவர் கண்ணை இழக்கிறார் என்றால், அதில் அரசுக்குக் கொஞ்சம்கூடப் பங்கில்லை என்று எப்படிக் கைகழுவ முடியும்?

இதோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல வாதம், அவ்வளவுதான். அதைச் செய்துகாட்ட ஒரு மாதிரியும் அவர் கையில் இருந்தது. தொழிற்சாலையில் வேலை பார்க்கும்போது கை போனால் தொழிலாளிக்கு அரசுக் காப்பீட்டில் பணம் கிடைக்கும் ஏற்பாடு 1948-லேயே பிரிட்டனில் வந்துவிட்டது. மெஷின் யார் தப்பால் ஓடியது, முதலாளியிடம் காசு இருக்கா என்ற கேள்வியெல்லாம் அங்கே கிடையாது. வேலைக்குப் போகும் எல்லோருக்கும் இருக்கும் ஆபத்து, அதனால் பாரத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறோம். தெருவில் நடக்கும் எல்லோருக்கும் வன்முறை என்ற ஆபத்து இருக்கிறதே, அதையும் இதே மாதிரி பகிர்ந்துகொண்டால் என்ன?

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம், கட்டுரையில் இல்லாத ஒன்று. குற்றவாளிக்கு இன்னும் கடுமையாத் தண்டனை கொடு என்று அவர் எங்கேயும் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவருக்காகப் பேசுவது என்றாலே தூக்கில் போடு, என்கவுன்டர் பண்ணு என்று கத்துவதுதான் என நம்மில் பலர் நினைச்சிருக்கோம். ஒரு கொடூரம் நடந்தால் ட்ரெண்டிங்கில் வருவது அந்தக் கோஷம்தான். ரெண்டு வாரம் கழிச்சு அந்த வீட்டு ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டினாங்கன்னு யாரும் தேடுறதில்லை. மார்ஜரி ரெண்டையும் தனித்தனியா வைத்தார். குற்றவாளியை மனுஷனா நடத்து. அடிபட்டவர் கைக்குப் பணம் போய்ச் சேர வழி பண்ணு. ஒன்றைக் கொடுப்பதற்காக இன்னொன்றைப் பிடுங்கணும் என்று அவர் நினைக்கவில்லை.

கட்டுரை வெளியான அடுத்த ஏப்ரல் மாதமே, 1958-ல், தன் 84-வது வயதில் மார்ஜரி இறந்துபோனார். எந்தச் சட்டத்தையும் அவர் பார்க்கவில்லை. அவர் ஆயுசு முழுக்க எதிர்த்த மரண தண்டனை, கொலைக் குற்றத்துக்கு பிரிட்டனில் நிறுத்தப்பட்டது 1965-ல். அதையும் அவர் பார்க்கவில்லை.

பிறகு நடந்தது

1959-ல் பிரிட்டிஷ் உள்துறை வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் அவர் யோசனை இடம்பிடித்தது. 1961-ல் ஒரு ஆய்வுக்குழுவின் அறிக்கை வந்தது. யாருக்குத் தருவது, எவ்வளவு தருவது, பொய்யா வந்து கேட்டால் என்ன செய்வது என்று பிரிட்டன் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், உலகத்தின் இன்னொரு மூலையில் இருந்த நியூசிலாந்து முந்திக்கொண்டது. 1963-ல் சட்டம், 1964 ஜனவரி 1 முதல் அமல். அதே வருஷம் ஆகஸ்ட் 1-ல் பிரிட்டன் தன் திட்டத்தைத் தொடங்கியது. 1965-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம். அங்கிருந்து நாடு நாடா பரவியது. 1985-ல் ஐ.நா பொதுச்சபை, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நீதி பற்றி ஒரு பிரகடனமே நிறைவேற்றியது.

ஆனா, பிரிட்டன் தந்ததில் ரெண்டு ஓட்டைகள். ஒன்று, அது உரிமை என்று ஒப்புக்கொள்ளப்படவில்லை. அரசாங்கம் பெரிய மனசு பண்ணித் தரும் உதவித்தொகை என்றே பல வருஷம் ஓட்டினார்கள். பாராளுமன்றச் சட்டமாக அது மாற 1995 ஆகிவிட்டது. இரண்டாவது இன்னும் மோசம். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தினர் என்றால் நஷ்டஈடு கிடையாது! கொடுக்கும் பணம் அடித்தவன் கைக்கே போய்விடுமாம், உண்மையைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமாம். அதாவது, தெருவில் முன்பின் தெரியாதவன் கையை உடைத்தால் பணம் உண்டு, வீட்டில் புருஷன் கையை உடைத்தால் இல்லை. அந்த விதியைத் தளர்த்தவே 15 வருஷம் பிடித்தது.

நம்ம நாட்டுக்கு இது வந்தது ரொம்ப லேட். 1973-ம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், விதிக்கும் அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்குக் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருந்தது. குற்றவாளி சிக்கணும், தண்டனை உறுதியாகணும், அவன்கிட்ட காசும் இருக்கணும். மார்ஜரி காட்டிய அதே முட்டுச்சந்து. 2009 டிசம்பர் 31-ல் அமலுக்கு வந்த திருத்தம்தான் நிலைமையை மாற்றியது. பாதிக்கப்பட்டவர் என்றால் யார் என்பதற்கே அந்தச் சட்டத்தில் அப்போதுதான் ஒரு விளக்கம் சேர்ந்தது. தனக்காக ஒரு வக்கீலை வைத்து அரசு வக்கீலுக்குத் துணையாக நிறுத்தலாம், குற்றவாளி விடுதலையானால் பாதிக்கப்பட்டவரே அப்பீல் போகலாம், ஒவ்வொரு மாநில அரசும் இழப்பீட்டுக்கென நிதித் திட்டம் வைக்கணும் என்பதெல்லாம் அதில் வந்தவை. 2013-ல் ஆசிட் வீச்சு வழக்கில், பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தது 3 லட்சம் ரூபாய் தரணும், அதில் 1 லட்சத்தை 15 நாளுக்குள் தரணும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவிலும் இந்த உரிமைகள் தொடர்கின்றன. விசாரணை எந்த நிலையில் இருக்கு என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் தெரிவிக்கணும் என்பது அதில் புதுசு.

சட்டம் இருக்கு. ஆனா, இழப்பீடு தானா வீடு தேடி வரும்னு எதிர்பார்க்க முடியாது. கோர்ட் தன் தீர்ப்பிலேயே பரிந்துரை செய்யலாம். குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு விசாரணைக்கு வராமல் நின்றுவிட்டால், பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பியிருந்த குடும்பத்தினரோ நேராக விண்ணப்பிக்கலாம். சட்டத்தின் 396-வது பிரிவு இதைச் சொல்கிறது. விண்ணப்பம் போக வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன் இல்லை, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் வழி காட்டுவார்கள். எஃப்.ஐ.ஆர் நகல், மருத்துவச் சான்று இருந்தால் கையோடு எடுத்துக்கிட்டுப் போங்க. எஃப்.ஐ.ஆர் நகலைப் போலீஸ் இலவசமாகவே தரணும். விண்ணப்பம் வந்தால் ஆணைக்குழு 2 மாசத்துக்குள் விசாரித்து முடிக்கணும். உடனடி சிகிச்சைக்கு இடைக்கால உதவிக்கும் உத்தரவிடலாம். எங்கே போவதென்றே தெரியவில்லை என்றால், தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண் 15100.